இன்று காலை எவ்வளவு?

லெம்பா பெர்த்தாம் ரொட்டிக் கடை பெஞ்சில் காலைதோறும் கூடும் அக்காமார், அண்ணன்மார், பெரியம்மா, தம்பி எல்லோருக்கும்,

என் நன்றியை நேரிலேயே சொல்லியிருக்கலாம். ஆனால் நான் நன்றி என்று ஆரம்பித்தால் லோரி அண்ணன் பேச்சை மாற்றிவிடுவார், பெரியம்மாவுக்குக் கண் கலங்கிவிடும், சொல்ல வந்தது பாதியில் நின்றுவிடும். அதனால் ஊரறியத் திறந்த மடலாக எழுதுகிறேன். நம்மைப் போலவே இனிப்பு நீரோடு, அதாவது நீரிழிவோடு, வாழ்ந்துகொண்டு அதை வாய்விட்டுச் சொல்லாமல் இருப்பவர்கள் கண்ணிலும் இது படட்டும்.

நான் நன்றி சொல்வது ஒரு காரியத்துக்காக. காலையில் விரலைக் குத்திப் பார்த்த இரத்தச் சர்க்கரை அளவை நீங்கள் எல்லோர் முன்னிலும் சொன்னீர்கள். கூடியிருந்தாலும் சொன்னீர்கள், குறைந்திருந்தாலும் சொன்னீர்கள். அதோடு நிறுத்தாமல், முந்தின நாள் எப்படிப் போனது என்பதையும் சேர்த்தே சொன்னீர்கள்.

"பன்னெண்டு புள்ளி நாலு. நேத்து மருமக வீட்டுல வளைகாப்பு. கேசரியை ரெண்டு வாட்டி வாங்கிட்டேன்."

"எனக்கு ஆறு புள்ளி ஒண்ணு. ராத்திரி சீக்கிரமே சாப்பிட்டுட்டேன், அப்புறம் வாயில ஒண்ணும் வைக்கல."

"ஒன்பது. தப்பா ஒண்ணும் சாப்பிடல. மகனோட சண்டை, தூக்கமே இல்ல."

இப்படித்தான் நம் காலை தொடங்குகிறது. டாக்டரிடம் போனால் அளவைப் பற்றி மட்டும்தான் பேச முடியும். அதற்கே அவருக்கு நேரம் போதாது, வெளியே வரிசை நிற்கிறது. வளைகாப்பும் மகனோடு போட்ட சண்டையும் அந்த அறைக்குள் நுழைவதில்லை. தூக்கம் கெட்டாலும் மனம் கொதித்தாலும் சர்க்கரை ஏறும் என்று எனக்கு ஒரு தாளில் அச்சடித்துக் கொடுத்திருந்தார்கள். அதை நான் நம்பியது அண்ணன் தன் ஒன்பதைச் சொன்ன அன்றைக்குத்தான்.

நம் ஆட்கள் இதை மறைப்பது காரணம் இல்லாமல் இல்லை. பெண் பார்க்க வருகிறவர்கள் குடும்பத்தில் யாருக்காவது இருக்கிறதா என்று விசாரிப்பார்கள். வேலையிடத்தில் தெரிந்தால் ஓவர்டைம் கிடைக்காதோ என்று பயம். சொந்தக்காரர்களோ "வாயைக் கட்டத் தெரியல" என்று ஒரே பேச்சில் முடித்துவிடுவார்கள். அதனால் ஒருவர் காலில் பெரிய கட்டோடு ஆஸ்பத்திரியிலிருந்து திரும்பிய பிறகுதான் அவருக்கு இத்தனை வருடமாக இருந்தது என்று பக்கத்து வீட்டுக்கே தெரியவருகிறது.

இத்தனைக்கும் இது எங்கோ ஒருவருக்கு வருகிற நோய் இல்லை. 2019ஆம் ஆண்டு தேசிய உடல்நல ஆய்வில், மலேசியாவின் பெரியவர்களில் 18.3 விழுக்காட்டினருக்கு நீரிழிவு இருப்பது தெரிந்தது. இந்தியர்களை மட்டும் எடுத்துக்கொண்டால் 31.4 விழுக்காடு, பத்துப் பேரில் மூவர். 2023 ஆய்வில் மொத்த அளவு 15.6 விழுக்காட்டுக்கு இறங்கியிருந்தது. ஆனால் நோய் இருப்பவர்களில் ஏறக்குறைய ஐந்தில் இருவருக்குத் தங்களுக்கு அது இருப்பதே தெரியாது. கோயில் அன்னதானப் பந்தியில் ஒரு வரிசையை மனத்துக்குள் ஓட்டிப் பாருங்கள். அத்தனை பேர் இருந்தும் ஒருவரும் பேசாமல் பாயசத்துக்குக் கை நீட்டிக்கொண்டிருந்த ஊர் இது.

ஏன் நமக்கு இவ்வளவு? தெற்காசிய உடம்பில் வெளியே பருமன் தெரியாவிட்டாலும் வயிற்றுக்குள் கொழுப்பு சேர்ந்துவிடும். ஆசியர்களுக்கு உடல் நிறைக் குறியீடு 23ஐத் தாண்டினாலே கவனம் வேண்டும் என்று உலகச் சுகாதார நிறுவனத்தின் வல்லுநர் குழு 2004இல் சொன்னது அதனால்தான். அதோடு இந்த மலையின் கதையும் சேர்ந்துகொள்கிறது. 1929இல் ஜே.ஏ. ரஸ்ஸல் போ தேயிலைத் தோட்டத்தைத் தொடங்கியதிலிருந்து இந்தச் சரிவுகளில் காடு வெட்டிக் கன்று நட்டவர்களில் நம் பாட்டன் பாட்டிமார் இருந்தார்கள். விடியுமுன் ஆள் கணக்கெடுக்கும் பெரட்டு, பிறகு முதுகில் கூடையோடு நாள் முழுக்க ஏற்ற இறக்கம். குளிரில் கைகால் ஓடுவதற்கு அவர்களுக்குக் கிடைத்தது சீனி அள்ளிப் போட்ட தே. இன்று கொழுந்து எடுப்பவர்கள் பெரும்பாலும் வெளிநாட்டுத் தொழிலாளர்கள். நம்மில் பலர் காய்கறி பேக்கிங் கொட்டகையிலும் கடையிலும் லோரியிலும் நின்ற இடத்திலும் உட்கார்ந்த இடத்திலும் வேலை பார்க்கிறோம். தே மட்டும் அதே இனிப்போடு கூடவே வந்துவிட்டது.

பெரியம்மா, இதை நீங்கள் என்னைவிடச் சுருக்கமாகச் சொன்னீர்கள். "எங்கம்மா நாளைக்கு ஆறு கோப்பை குடிப்பா, அவளுக்கு ஒண்ணும் வரல. நான் ரெண்டு குடிக்கிறேன், எனக்குப் பதினஞ்சு. அவ ஏறின மலையை நான் ஏறலையே." அன்றைக்கே கடையில் பாலும் சீனியும் இல்லாத "தே ஓ கோசோங்" என்று கேட்டீர்கள். கடைக்காரத் தம்பி சரியாகத்தான் கேட்டோமா என்று திரும்பி வந்து விசாரித்தான். எழுபது வருட நாக்கை நீங்கள் மாற்றிக்கொண்டதைப் பார்த்த பிறகு எங்களில் யாருக்கும் சாக்குச் சொல்ல வாய் வரவில்லை. இப்போது நம் பெஞ்சுக்கு வரும்போது அவன் டின் பாலைத் தொடுவதே இல்லை.

நீங்கள் சொன்ன கெட்ட அளவுகளுக்குத்தான் என் நன்றியில் பெரும் பங்கு. 1984இல் அமெரிக்காவில் ஓர் ஆய்வு வெளிவந்தது. அளவுகளைத் தானே சேமித்து வைக்கும் கருவிகளை, சேமிக்கும் என்று சொல்லாமலே நோயாளிகளிடம் கொடுத்தார்கள். பிறகு அவர்கள் ஏட்டில் எழுதியதையும் கருவிக்குள் இருந்ததையும் ஒப்பிட்டார்கள். கூடின அளவைக் குறைத்து எழுதியவர்கள் இருந்தார்கள், குத்திப் பார்க்காமலே எழுதியவர்களும் இருந்தார்கள். நமக்கு இது புதிய செய்தியா? கிளினிக்கில் முறை வருவதற்குள், பச்சை அட்டைப் புத்தகத்தில் ஒரு மாதத்து அளவையும் ஒரே பேனாவால் நிரப்புகிற கைகளை நாம் எத்தனை தடவை பார்த்திருக்கிறோம்! டாக்டரை ஏமாற்ற வேண்டும் என்று யாரும் அப்படிச் செய்வதில்லை. திட்டு வாங்காமல் மருந்தை வாங்கிக்கொண்டு பஸ்ஸைப் பிடிக்க வேண்டும், அவ்வளவுதான். ஆனால் இரண்டு மூன்று மாதக் கணக்கை எச்பிஏ1சி பரிசோதனை காட்டிவிடுகிறது. ஏடு ஒன்று சொல்ல, இரத்தம் வேறொன்று சொல்ல, எந்த நேரத்தில் ஏறுகிறது, எந்த மருந்தைக் கூட்டுவது என்று டாக்டருக்கே திசை தெரியாமல் போய்விடுகிறது.

நம் பெஞ்சில் பொய்க்கு வேலை இல்லாமல் போனதற்குக் காரணம், இங்கே யாரும் திட்டுவதில்லை என்பதுதான். ரிங்லெட் பக்கமிருந்து ஒரு தங்கை முதல் தடவை வந்து உட்கார்ந்த காலை உங்களுக்கு நினைவிருக்கும். அவள் முறை வந்தபோது கோப்பையைப் பார்த்துக்கொண்டே, யாருக்கும் கேட்காத குரலில், "பதினெட்டு" என்றாள். ஒருவரும் ஐயோ என்று சொல்லவில்லை. என்ன சாப்பிட்டாய் என்று கேட்கவில்லை. ஆஸ்பத்திரியில் அட்டெண்டன்டாக வேலை பார்த்து ஓய்வுபெற்ற அக்கா, "தாகம் எடுக்குதா? ராத்திரி அடிக்கடி ஒண்ணுக்குப் போறியா? வாந்தி இருக்கா?" என்று மூன்று கேள்வி கேட்டார். பிறகு, "பசியாறிட்டு வா, கிளினிக்குக்கு நானும் கூட வரேன்" என்றார். அந்தத் தங்கை மறுநாளும் வந்தாள். திட்டியிருந்தால் வந்திருக்க மாட்டாள், இன்றும் பதினெட்டோடு எங்கோ தனியாக உட்கார்ந்திருப்பாள்.

வீட்டில் குத்திப் பார்ப்பதே ஒரு காலத்தில் நோயாளிக்குக் கிடைக்காத உரிமையாக இருந்தது. 1969இல் அமெரிக்காவில் ரிச்சர்ட் பெர்ன்ஸ்டீன் என்ற பொறியாளர், ஒரு நிமிடத்தில் இரத்தச் சர்க்கரையைக் காட்டும் புதிய கருவி ஒன்றின் விளம்பரத்தைப் பார்த்தார். அவருக்குப் பன்னிரண்டு வயதிலிருந்தே நீரிழிவு. கருவிக்கு ஏறக்குறைய ஒன்றரைக் கிலோ எடை, விலை 650 டாலர். மருத்துவமனைக்கும் டாக்டர்களுக்கும் மட்டும்தான் விற்பார்கள். மனைவி டாக்டர் என்பதால் அவர் பெயரில் வாங்கி, நாளுக்குப் பல தடவை தன்னைத் தானே அளந்து, எந்தச் சாப்பாடு எவ்வளவு ஏற்றுகிறது, எவ்வளவு இன்சுலின் எவ்வளவு இறக்குகிறது என்று எழுதிக்கொண்டே போனார். கண்டதைக் கட்டுரையாக்கி அனுப்பினார். டாக்டர் அல்லாதவர் எழுத்து என்று மருத்துவ இதழ்கள் ஏற்கவில்லை. அவர் 45 வயதில் மருத்துவக் கல்லூரியில் சேர்ந்து டாக்டராகவே ஆகிவிட்டார். 2025இல் தொண்ணூறு வயதில் காலமானார். இடையில் 1993இல், முதல் வகை நீரிழிவு உள்ள 1,441 பேரைப் பல ஆண்டுகள் தொடர்ந்து பார்த்த பெரிய ஆய்வின் முடிவு வந்தது. அடிக்கடி அளந்து கட்டுக்குள் வைத்தவர்களுக்குக் கண் பாதிப்பு புதிதாக வரும் அபாயம் 76 விழுக்காடு குறைந்திருந்தது. அந்த மனிதரின் பிடிவாதத்துக்கும் இந்த மடலில் ஒரு கும்பிடு போட்டுவிடுகிறேன்.

குத்திப் பார்ப்பதும் ஒரு தொழில்தான். அதை எனக்குப் பழக்கிவிட்டவர்கள் நீங்கள். இந்த மலையில் விடியற்காலை விரல் நுனி மரத்துக் கிடக்கும், குத்தினால் இரத்தம் எட்டிப் பார்க்காது. பிதுக்கி எடுத்தால் அளவு சரியாக வராது. வெந்நீரில் கையைக் கழுவி, நன்றாகத் துடைத்து, கையைத் தொங்கவிட்டு உதறி, நான்காம் விரலின் பக்கவாட்டில் குத்தச் சொன்னது ஹபு அண்ணி. நுனியின் நடுவில் குத்தினால் நாள் முழுக்கக் காய் கட்டும்போது வலிக்கும், பக்கவாட்டில் அவ்வளவு வலி இல்லை. ஸ்ட்ராபெரி பறித்த கையைக் கழுவாமல் குத்தி, பதினாறு என்று பார்த்துப் பதறியவருக்கு, "பழச்சாறு ஒட்டியிருக்கும், கழுவிட்டு வேற விரல்ல பாரு" என்று சொன்னதும் அண்ணிதான். இரண்டாம் தடவை ஏழு காட்டியது.

ஒரு வெள்ளி கொடுத்தால் அரசு கிளினிக்கில் டாக்டரையும் பார்க்கலாம், மருந்தும் கிடைக்கும். ஸ்ட்ரிப்பை மட்டும் பெரும்பாலும் நம் காசில்தான் வாங்குகிறோம். நினைத்தபோதெல்லாம் குத்தக் கட்டுப்படியாகாது. அப்போதுதான் நீங்கள் அந்த அருமையான யோசனையைச் சொன்னீர்கள்: ஆளுக்கு ஒரு சாப்பாடு. இந்த வாரம் அண்ணன் ரொட்டி சானாய்க்கு முன்னும் இரண்டு மணி நேரம் கழித்தும் பார்ப்பார், அக்கா தோசைக்குப் பார்ப்பார், நான் மீகூனுக்கு, அண்ணி சப்பாத்திக்கு. வாரக் கடைசியில் எல்லாவற்றையும் வைத்துப் பேசுவோம். அடுத்த வாரம் சாப்பாட்டை மாற்றிக்கொள்வோம். ஒரே கடையின் ஒரே ரொட்டி சானாய் அண்ணனைப் பதினான்குக்கு ஏற்றியது, அக்காவைப் பத்தோடு விட்டது. கருவி கெட்டுவிட்டது என்று முதலில் நினைத்தோம். பிறகுதான் நம் பெஞ்சின் கடைக்குட்டித் தம்பி சொன்னான், 2015இல் இஸ்ரேலில் எண்ணூறு பேரை வைத்து இதையே பார்த்திருக்கிறார்கள், ஒரே உணவுக்கு ஆளுக்கு ஆள் சர்க்கரை வேறு வேறாக ஏறியதாம் என்று. விஞ்ஞானிகள் பெரிய செலவில் கண்டதை இந்தப் பெஞ்சு கருவிகளையும் நாக்கையும் வைத்துக்கொண்டு கண்டிருக்கிறது என்பதில் எனக்கு உண்மையிலேயே பெருமை.

அதிலிருந்து இன்னொன்றும் பிடிபட்டது. காய்கறியையும் முட்டையையும் முதலில் சாப்பிட்டுவிட்டுச் சோற்றுக்கு வந்தால் அவ்வளவு ஏறுவதில்லை. பசியாறிய கையோடு பாலம் வரை நடந்துவிட்டு வந்தால் இன்னும் நல்லது. லெம்பா பெர்த்தாமில் காலையில் கூட்டமாகப் பாலத்துக்கு நடக்கிறவர்களைப் பார்த்து எந்தக் கோயிலுக்கு நேர்த்திக்கடன் என்று கேட்டவர்கள் இப்போது கூடச் சேர்ந்து நடக்கிறார்கள்.

இரவு ஒன்றும் சாப்பிடாமல் படுத்தும் காலையில் அளவு ஏறியிருக்கிறதே என்று நான் ஒடிந்துபோயிருந்த நாட்களில் எனக்குத் துணையாக இருந்ததும் இந்தக் கூட்டம்தான். விடியும் நேரத்தில் உடம்பு எழுந்திருக்கத் தயாராகிச் சில ஹார்மோன்களைச் சுரக்கும், அவை கல்லீரலில் இருக்கும் சர்க்கரையை இரத்தத்தில் இறக்கிவிடும், இது உன் குற்றம் இல்லை என்று அக்கா பொறுமையாகச் சொன்னார். உங்களில் நான்கு பேர் "எனக்கும் அப்படித்தான்" என்றீர்கள். அந்த நான்கு குரல் எனக்குப் போதுமாக இருந்தது. படுக்கும்போது ஒரு தடவை, எழுந்ததும் ஒரு தடவை என்று எழுதிக்கொண்டு போய்க் காட்டியதில் டாக்டரும் மருந்து நேரத்தை மாற்றித் தந்தார்.

குறைந்துபோவதைப் பற்றியும் எழுத வேண்டும். அது ஏறுவதைவிட வேகமாக ஆளைச் சாய்த்துவிடும். ஒரு மழை நாள், லோரி வந்து நிற்கிறது, கோஸ் ஏற்ற வேண்டும், மத்தியானச் சாப்பாடு தள்ளிப்போனது. அந்தக் குளிரில் எனக்கு முதுகெல்லாம் வியர்த்தது. கை நடுங்கியது. பெட்டியில் ஒட்டும் தாளில் எழுத்து இரண்டு இரண்டாகத் தெரிந்தது. களைப்பு என்று நினைத்து வேலையைத் தொடர்ந்திருப்பேன். ஆனால் அக்கா பல தடவை சொல்லியிருந்தது காதில் இருந்தது: "நம்ம ஊருக் குளிருல வேர்த்தா யோசிக்காதே, குத்திப் பாரு." 3.1. கூட வேலை செய்யும் நேப்பாளத் தம்பி மைலோ கலக்கப் போனான். நான் சீனித் தண்ணி என்று சைகை காட்டினேன், பால் கலந்தது மெதுவாகத்தான் ஏறும். மூன்று தேக்கரண்டி சீனி, தண்ணீர், பதினைந்து நிமிடம், மறுபடி குத்தல், 4.6. பிறகு சாப்பாடு. மறுநாள் இதைப் பெஞ்சில் சொன்னபோது அண்ணன் எழுந்துபோய் அந்த நேப்பாளத் தம்பிக்கு ஒரு கோப்பை தே வாங்கிக் கொடுத்து, கொட்டகையில் மற்றவர்களுக்கும் அந்த அறிகுறிகளைச் சொல்லிக் கொடுக்கச் சொன்னார். இப்போது அங்கே தராசுக்குப் பக்கத்தில் ஒரு சீனிப் புட்டி எப்போதும் இருக்கிறது.

லோரி அண்ணே, உங்கள் காலுக்கும் நான் நன்றி சொல்லியாக வேண்டும். ஒரு விரல் போன அந்தக் காலை நீங்கள் சாக்ஸுக்குள் ஒளித்து வைத்திருக்கலாம். பெஞ்சில் பூட்ஸைக் கழற்றிக் காட்டினீர்கள். குளிர் தாங்காமல் இரவில் சுடுதண்ணீர்ப் பையைக் காலடியில் வைத்துத் தூங்கியது, நரம்பு மரத்திருந்ததால் வெந்ததே தெரியாமல் போனது, கொப்புளத்தின் மேல் ரப்பர் பூட்ஸைப் போட்டுக்கொண்டு மூன்று நாள் வேலை செய்தது, எல்லாவற்றையும் சொன்னீர்கள். ஈரத்தில் நிற்கிற தொழில் நம்முடையது. அட்டை கடித்த இடம்கூடப் புண்ணாகிவிடும். அன்றிலிருந்து எங்கள் எல்லோர் வீட்டிலும் படுக்கைக்குப் பக்கத்தில் ஒரு கைக்கண்ணாடி வந்துவிட்டது, உள்ளங்காலைப் பார்க்க. விரலிடுக்கைத் துடைத்து உலர்த்துகிறோம். பூட்ஸைப் போடுமுன் தலைகீழாகத் தட்டுகிறோம். சுடுதண்ணீர்ப் பைக்குப் பதில் இரண்டு ஜோடி சாக்ஸ். உங்கள் ஒரு விரல் எத்தனை பேர் காலைக் காப்பாற்றியிருக்கிறது என்று நீங்கள் கணக்குப் பார்க்க மாட்டீர்கள், அதனால் நான் இங்கே எழுதி வைக்கிறேன்.

இந்தக் கூட்டம் எப்படித் தொடங்கியது என்று புதிதாக வந்தவர்கள் கேட்கிறார்கள். 2013 அக்டோபர் 23, விடியுமுன், மேலே இருக்கும் அணையிலிருந்து திறந்துவிட்ட தண்ணீர் இறங்கிப் பெர்த்தாம் ஆறு சேறும் மரமுமாக நம் ஊருக்குள் வந்தது. அன்று போன உயிர்களை இந்த ஊர் மறக்காது. வீடு இழந்தவர்கள் தங்கிய இடத்தில், துணிமணி அடையாளக்கார்டு என்று ஆளுக்கொன்றைத் தேடிக்கொண்டிருந்தபோது, பெரியம்மா பக்கத்தில் இருந்தவரிடம் மெல்லக் கேட்டார்: "ஊசி எடுத்துட்டு வந்தியாம்மா?" அவரும் இன்சுலின் போடுகிறவர் என்று பெரியம்மாவுக்கு எப்படியோ தெரிந்திருக்கிறது. ஐஸ்பெட்டியோடு ஊசியும் போய்விட்டது என்று அவர் அழுதார். இன்னொருவர் மாத்திரை போய்விட்டது என்றார். ஒளித்து வைத்திருந்த அத்தனை பேரும் ஒரே நாளில் வெளியே வந்துவிட்டார்கள். பிரித்த இன்சுலின் பேனா ஐஸ்பெட்டி இல்லாமலும் இந்தக் குளிரில் ஏறக்குறைய நான்கு வாரம் தாங்கும் என்று சொல்லித் தைரியம் கொடுத்தவரும் அந்தக் கூட்டத்தில்தான் இருந்தார். மருந்து மறுபடி கிடைத்த பிறகும் ஒருவரையொருவர் "இன்னிக்கு எவ்வளவு?" என்று கேட்கிற பழக்கம் நின்றுவிடவில்லை.

அதே 2013இல், நியூயார்க் மாநிலத்தில் ஜான் காஸ்டிக் என்ற தந்தை, பள்ளியில் இருக்கும் தன் சின்ன மகனின் சர்க்கரை அளவைத் தன் கைப்பேசியிலேயே பார்க்க ஒரு வழி செய்தார். அதைத் தனக்கென்று வைத்துக்கொள்ளாமல் மற்றப் பெற்றோருக்கும் கொடுத்தார். பலர் சேர்ந்து வளர்த்த அந்த ஏற்பாடு நைட்ஸ்கவுட் என்ற பெயரில் உலகம் முழுக்கப் பரவியது. நம் பெஞ்சிலேயே இளையவனான தம்பிக்குச் சிறு வயதிலிருந்து முதல் வகை நீரிழிவு. கையில் சர்க்கரையை அளக்கும் சென்சார் ஒட்டியிருக்கிறான். மேற்படிப்புக்கு ஈப்போ போன பிறகும் அவன் அம்மா இங்கிருந்தே அவன் அளவைப் பார்க்கிறார். தம்பி, நீ விடுமுறைக்கு வரும்போதெல்லாம் எங்களுக்கு அந்த ஏறி இறங்கும் கோட்டைப் பொறுமையாகக் காட்டி விளக்குகிறாய். இன்சுலின் தோல்வியின் அடையாளம் இல்லை, கடைசி மருந்தும் இல்லை என்று புரிந்துகொண்டு எங்களில் இரண்டு பேர் ஊசிக்குச் சம்மதித்தது உன்னைப் பார்த்துத்தான்.

நீங்கள் வைத்த சில கட்டுப்பாடுகளுக்கும் என் நன்றி. எண்ணைப் பகிரலாம், ஊசியைப் பகிரக் கூடாது என்று ஆஸ்பத்திரி அக்கா ஆரம்பத்திலேயே கறாராகச் சொல்லிவிட்டார். குத்தும் பேனாவையும் லான்செட்டையும் மாற்றிக்கொண்டதால் மஞ்சள்காமாலைக் கிருமி பரவிய இடங்கள் உண்டு. அடுத்தவர் மாத்திரையைக் கூட்டச் சொல்லவோ நிறுத்தச் சொல்லவோ நமக்கு அதிகாரம் இல்லை. மெட்ஃபோர்மின் கிட்னியைக் கெடுத்துவிடும் என்று மாத்திரையை நிறுத்த இருந்தவரைத் தடுத்து, கிட்னியைக் கெடுப்பது கட்டுக்கடங்காத சர்க்கரை, சந்தேகம் இருந்தால் டாக்டரிடம் இரத்தத்தைச் சோதிக்கச் சொல் என்று அனுப்பி வைத்தீர்கள். பாகற்காயும் வெந்தயமும் சாப்பாட்டோடு சேரட்டும், மருந்துக்குப் பதிலாக வேண்டாம் என்றீர்கள். பாசார் மாலாம் இரவுச் சந்தையில் விற்ற "சுகர் பறந்துவிடும்" பொட்டலத்தை ஒருவர் கொண்டுவந்தபோது, அப்படிப்பட்ட சரக்குகளில் சொல்லாமல் மருந்து கலந்திருப்பதாகச் சுகாதார அமைச்சு எச்சரித்திருப்பதை எடுத்துக் காட்டி, மருந்தாளுநரிடம் கேட்கச் சொன்னீர்கள். அவர் முகம் வாடாதபடி இதைச் செய்ததுதான் எனக்குப் பெரிதாகப் படுகிறது.

திருச்சியில் இருக்கும் என் சித்தி மகள் ஃபோனில், "எனக்கு நூத்தி எண்பது, உனக்கு?" என்றாள். நான் பத்து என்றேன். இரண்டும் ஒன்றுதான், நம் மில்லிமோல் கணக்கைப் பதினெட்டால் பெருக்கினால் அவர்கள் மில்லிகிராம் கணக்கு வந்துவிடும். இப்போது அவளும் தன் தெருவில் நான்கு பேரைச் சேர்த்துக்கொண்டு காலையில் அளவைச் சொல்லிக்கொள்கிறாளாம். நீங்கள் பார்க்காத தெரு அது, ஆனாலும் உங்களுக்குச் சொல்ல வேண்டும் என்று தோன்றியது.

கடைசியாக ஒரு வேலை விஷயம். கண்ணின் பின்புறத்தைப் படமெடுக்க நம் முறை அடுத்த மாதம் வருகிறது. அண்ணன், ஹபு அண்ணி, ரிங்லெட் தங்கை மூவரும் இன்னும் போகவில்லை. பார்வை நன்றாகத் தெரிகிறதே என்று தள்ளிப்போட வேண்டாம், கண்ணுக்குள் சேதம் தொடங்கும்போது வெளியே ஒன்றும் தெரியாது. சொட்டு மருந்து விட்டால் அன்றைக்கு வண்டி ஓட்ட முடியாது. அதனால் என் மகனை வேன் எடுத்துவரச் சொல்லியிருக்கிறேன். ஆறு பேருக்கு இடம் இருக்கிறது. வருகிறவர்கள் ஞாயிற்றுக்கிழமைக்குள் கடையில் பெயரைச் சொல்லிவிடுங்கள். பெரியம்மாவுக்கு முன் சீட்.


பேக்கிங் கொட்டகைத் தங்கச்சி
லெம்பா பெர்த்தாம், கேமரன் மலை